ஜல்பரிக்கு ஒரு பச்சைப் புடவை

உள்ளே வாருங்கள் சிஸ்டர். செருப்பை இப்படி வலது பக்கம் விடுங்கள். இடது பக்கம் அவர் செருப்பு வருகிற இடம்.

இதுதான் அறை. கட்டில் இருக்கிறது, அலமாரி இருக்கிறது. கதவுக் கொக்கி கொஞ்சம் தூக்கிப் போட்டால்தான் விழும். உங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த இறக்கத்தில் இறங்கினால் போதும், ராத்திரி டியூட்டி என்றாலும் பயமில்லை. இந்த சுவிட்ச் ஃபேனுக்கு, இது லைட்டுக்கு. ஓரத்தில் இருக்கிற இந்தக் கறுப்பு சுவிட்சை மட்டும் தொடாதீர்கள். அது வாசல் பல்பு. வாசல் பல்புக்கு சுவிட்சை இந்த அறையில் ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். நான்தான் வைக்கச் சொன்னேன்.

நீங்களும் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறீர்கள். பாருங்கள், பாருங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் கடல் மடியில் இருக்கிற மாதிரி இருக்கும். இத்தனை வருஷமாக இந்த அறையை நான் யாருக்கும் விட்டதில்லை. எத்தனையோ டீச்சர்கள் வந்து கேட்டார்கள். பக்கத்து அறையைத்தான் காட்டுவேன். இப்போது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இனி இந்த ஜன்னல் வேண்டாம்.

ஏன் என்றா கேட்டீர்கள்? கேட்கவில்லையா. கேட்ட மாதிரி இருந்தது.

இந்த ஜன்னலுக்கு நேர் கீழே ஒருத்தி தினமும் என் வீட்டுக்காரரோடு போய்க்கொண்டிருந்தாள். காலையில் அந்தப் பக்கம், சாயங்காலம் இந்தப் பக்கம். நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஐயோ, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். மனுஷி இல்லை. படகு. எம்.வி. ஜல்பரி. போர்ட் பிளேயரில் இருந்து இந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றி வந்துகொண்டிருந்த படகு. அவருக்கு முன்னால் படகு என்று சொல்லிவிடாதீர்கள், வெசல் என்று சொல்ல வேண்டும். அதில் அவர்தான் செராங். சுக்கான் பிடித்து ஓட்டுகிறவர். நீங்கள் முந்தாநாள்தான் இங்கே மாற்றலாகி வந்தீர்கள் என்றால் அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தப்பித்தீர்கள்.

ஜல்பரி என்றால் இந்தியில் கடல்கன்னியாம். கன்னி! துருப்பிடித்து, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து போகிறவள் கன்னி.

பரமக்குடிப் பக்கம் எனக்கு. கல்யாணமாகி சென்னையில் கப்பல் ஏறிப் போர்ட் பிளேயரில் வந்து இறங்கினேன். புதுப்பெண். ஒரு வாய் காபி வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பக்கத்தில் படகுகள் நிற்கிற துறைக்கு, ஜெட்டிக்குப் போனார். அங்கே அவள் நின்றாள். அப்போது அவளும் புதுசு. வெள்ளையும் நீலமுமாக, பளபளவென்று. "பூரணம், பாரு. எப்படி இருக்கா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த முகம் அப்படி இல்லை, சிஸ்டர். அன்றைக்குத் தட்டில் இருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு, நம்ம வெசல்லயே வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"எனக்குப் படகு ஒத்துக்காது. வாந்தி வரும்" என்றேன்.

அவ்வளவு பெரிய கடலைக் கப்பலில் தாண்டி வந்தவள். வழியில் ஒரு தடவை கூட வாந்தி எடுக்கவில்லை. கூட வந்த இந்த மனிதருக்கு அது தோன்ற வேண்டும் இல்லையா? தோன்றவில்லை. "அப்படியா, பாவமே" என்று பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். டவுனுக்கு என்றால் நான் பஸ்தான். படகில் அரை மணி நேரத்தில் போகிற ஊருக்கு, வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக, காலையில் புறப்பட்டால் போய்ச் சேர மத்தியானம் ஆகும். ஒரே கல்யாணத்துக்கு அவர் படகிலும் நான் பஸ்ஸிலும் போயிருக்கிறோம். அவருக்கு லீவு என்றால் என்னோடு பஸ்ஸில் வருவார். வழியெல்லாம் குலுங்கும். ‘இந்நேரம் படகில் போய் இறங்கியிருக்கலாம்’ என்று ஒரு தடவை கூட அவர் வாயில் வந்ததில்லை. வராது. மனதுக்குள் அவளை நினைத்துக்கொண்டே வருகிறவருக்கு வாய் எப்படித் திறக்கும்?

சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சுதான். இன்றைக்கு எதிர்க்காற்றில் எப்படி நிமிர்ந்து நின்றாள் தெரியுமா, இன்றைக்கு ஜெட்டியில் எப்படிப் பூ மாதிரி உட்கார்ந்தாள் தெரியுமா. குழம்பில் நான் உப்பே போடவில்லை என்றாலும் தெரியாது. ஒரு நாள் வேண்டுமென்றே போடாமல் விட்டேன். சாப்பிட்டு முடித்து, "நல்லாருக்கு" என்றார்.

புடவைக் கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஆயுத பூஜைக்கு ஜல்பரிக்குப் புடவை சார்த்துவார்கள். முன்பக்கம் கூராக இருக்கும் இல்லையா, அந்த மூக்கில் ஒரு கம்பி நிற்கும். அந்தக் கம்பியைச் சுற்றிப் புதுப் புடவையைக் கொசுவம் வைத்துக் கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பார்கள். யாக்கூப் என்று ஒரு லஸ்கர், கயிறு போடுகிறவன், அவன் கூட ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கட்டினால் கட்டினதுதான். அவிழ்க்கக் கூடாது. உப்புக்காற்றில் அடித்து அடித்து நூல் நூலாகிப் போகிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். புடவை எடுக்கிற பொறுப்பு செராங்குடையது. கடை கடையாக ஏறி இறங்கி அவரே எடுப்பார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, எல்லாம் கண்ணைப் பறிக்கிற நிறம். அடுத்து வருகிற தீபாவளிக்கு எனக்கு எடுப்பார். சாம்பல் நிறம். இல்லாவிட்டால் காபி நிறம். "இது அழுக்குத் தெரியாது பூரணம்" என்பார்.

ஒரு வருஷம் பூஜைக்கு முன்னால், "உனக்கு என்ன நிறம்டி பிடிக்கும்?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "கிளிப்பச்சை" என்றேன். பூஜை அன்று சாயங்காலம் இந்த ஜன்னலில் நிற்கிறேன். வருகிறாள், கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு! நான் சொன்ன அதே பச்சை. வீட்டுக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே, "பாத்தியா, ஜன்னல்ல இருந்து நல்லாத் தெரிஞ்சுதா?" என்கிறார். அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பழைய சோறுதான். அதற்கும் "நல்லாருக்கு" என்றார்.

இப்போது மணி என்ன சிஸ்டர்? சும்மா கேட்டேன்.

சங்கைச் சொல்ல மறந்துவிட்டேன். படகின் ஹாரனைத்தான் இங்கே சங்கு என்போம். நம் வீடு இருக்கிற இந்த முனையில் கடல் வளைந்து திரும்புகிறது. அந்த வளைவில் மூன்று தடவை ஊத வேண்டும் என்று சட்டம். இரண்டு குட்டையாக, மூன்றாவது நீளமாக. அவர் அப்படித்தான் சொன்னார். ஜல்பரிக்குக் கட்டைக் குரல், வயிற்றுக்குள் போய்த் தட்டும். ஊதினதும் நான் அந்தக் கறுப்பு சுவிட்சைப் போடுவேன். வாசல் பல்பு எரியும். இருட்டுகிற நேரம், விளக்குப் போட்டாக வேண்டும் இல்லையா, அதற்குத்தான். இந்த ஊரில் ஐந்து மணி ஆனால் சூரியனுக்கு அவசரம்.

இறக்கத்துக் கீழ் வீட்டில் ஷெஃபாலி என்று வங்காளிக்காரி இருக்கிறாள். சங்கு கேட்டால் போதும், துணி துவைக்கிற கல்லில் இருந்து கத்துவாள். "தீதி! உங்க ஆளு கூப்பிடுது! ஓடு, ஓடு!" அவர்கள் பாஷையில் தீதி என்றால் அக்கா. வாயாடி. சட்டப்படி ஊதுகிற சங்குக்கு நான் ஏன் ஓட வேண்டும்? இந்த வளைவில் எத்தனையோ படகுகள் திரும்புகின்றன. ஒருத்தரும் ஊதுவதில்லை. காவல் படகு கூட ஊதாது. இவர் ஒருவர்தான் சட்டம் பார்க்கிறவர். மற்றவர்கள் எல்லோருக்கும் அபராதம் போட வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "போடணும், போடணும்" என்று தலையை ஆட்டிக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

சங்குக்காக நான் ஜன்னலுக்கு வருவதில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டாமா? அதற்காக வருவேன். மேல்தட்டில் எத்தனை தலை என்று எண்ணுவேன். கூட்டம் குறைந்திருந்தால் சந்தோஷம், மவுசு குறைந்தது என்று. அன்றைக்கு ராத்திரி மட்டும் தூக்கம் வராது. புகை வெள்ளையாக வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது, கறுப்பாக வந்தால் நாளைக்கு மக்கர் பண்ணுவாள். இடது பக்கம் சாய்வது மழைக்காலத்தில் கூடும், இடுப்பில் குடம் வைத்தவள் மாதிரி. ஒரு புயல் நாளில் இருட்டின பிறகும் வரவில்லை. பல்பை மத்தியானமே போட்டுவிட்டு நின்றேன். கால் மரத்துப்போச்சு. அப்புறம் மழைக்குள்ளிருந்து அந்தக் கட்டைக் குரல் வந்தது. மூன்று தடவை. "மூதேவி! வந்து சேந்தியா?" என்று கத்தினேன். அழுதேன் என்று ஷெஃபாலி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மழைச்சாரல், சிஸ்டர். ஜன்னல் திறந்திருந்தது.

போன மாதம் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறார், "ஜல்பரிக்கு ரிட்டையர்மென்ட் வந்துடுச்சு. இந்த மாசத்தோட சரி" என்று.

எனக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்? சர்க்கரைப் பொங்கல் வைத்திருக்க வேண்டும். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "அப்புறம் அவ?" என்றேன்.

"அப்புறம் என்ன, உடைப்பாங்க. இரும்புதானே."

இரும்புதானே! இதைச் சொன்ன வாய் எது? எதிர்க்காற்றில் நிமிர்ந்து நின்றாள் என்று சொன்ன வாய். கையில் சோற்றை வைத்துக்கொண்டு அடுத்த பேச்சு ஆரம்பிக்கிறார். புதுசு ஒன்று வருகிறதாம். எம்.வி. அப்ஸரா. உள்ளே குளுகுளுவென்று ஏசியாம், சுக்கான் அறை முழுக்கக் கண்ணாடியாம், சக்கரத்தைச் சுற்றவே வேண்டாமாம், விரலால் தொட்டால் போதுமாம். "தொட்டா திரும்புறா பூரணம்! வெண்ணெய் மாதிரி போறா!" என்று விரலை ஆட்டிக் காட்டுகிறார். இத்தனை வயதில் கண் மின்னுகிறது. கூடவே இன்னொன்றும் சொன்னார். புதுசுக்கு ஆழம் அதிகம் வேண்டுமாம். முனையை ஒட்டி வர முடியாதாம். வெளிப்பக்கமாக, நடுக்கடலோடு போய்விடுமாம்.

"அப்ப வளைவு?" என்றேன்.

"அங்க வளைவே இல்ல" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் கித்தம் இல்லாமல் சாயங்காலத்தில் நாலு வேலை பார்க்கலாம்.

நான் என் ஆயுசில் பாதிக்கு மேல் ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அதில் ஒரு நியாயம் உண்டு. அவள் உழைத்தாள். மழையிலும் வெயிலிலும் அவரைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தாள். இந்த அப்ஸரா என்ன செய்தாள்? நேற்று வந்தவள். இன்னும் ஒரு அலை மேலே படவில்லை. அவளுக்காக இவளை இரும்பு என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்கு மேல் அலமாரியைத் திறக்கிறேன், கவரில் ஒரு புடவை. கிளிப்பச்சை. மயில்கழுத்துக் கரை. எனக்கோ என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நினைத்தேன். "அது அப்ஸராவுக்கு. முதல் பூஜை இல்லையா, நல்லதா எடுத்தேன்" என்றார். ஜல்பரியின் கடைசி நாள் பூஜைக்கு முந்தின வாரம் வருகிறது. ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் அவளுக்கு ஒரு புடவை கிடைத்திருக்கும். "ஜல்பரிக்கு?" என்றேன். "உடைக்கப் போற வெசலுக்கு எதுக்குடி புடவை?" என்றார். போன வருஷத்துப் புடவை அவள் மூக்கில் நாலு நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே போக வேண்டியதுதானாம்.

கடைசி நாள் காலையில் அவர் போனதும் பச்சைப் புடவையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கதவைப் பூட்டினேன். பஸ் ஏறினேன்.

டவுனில் டிக்கெட் வாங்கும்போது கவுண்டர் பையன், "எங்கம்மா, ஒண்ணா?" என்றான். தலையை மட்டும் ஆட்டினேன். ஜெட்டியில் திருவிழாக் கூட்டம். செல்போனில் படம் பிடிக்கிறவர்கள், மாலை போடுகிறவர்கள். சுடிதார் போட்ட ஒரு பெண், "ஐ லவ் திஸ் போட்" என்று சொல்லி அழுகிறாள். எத்தனை தடவை ஏறியிருப்பாள்? பார்த்தால் நாலு தடவைக்கு மேல் தோன்றவில்லை. வயிறு எரிந்தது. அவளுக்கு அழ என்ன பாத்தியதை? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழ்த்தட்டில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சுக்கான் அறை மேலே இருக்கிறது. அவரால் பார்க்க முடியாது.

புறப்பட்டாள். தரை நடுங்குகிறது, சிஸ்டர். ஜன்னலில் இருந்து பார்த்தால் அது தெரியாது. உள்ளங்கால் வழியாக முட்டி வரைக்கும் ஏறுகிறது. பலகை, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது. அப்புறம் அந்த வாசனை. டீசலும் உப்பும் கயிறும் கலந்த வாசனை. அவர் சட்டையில் நான் தினமும் துவைத்துத் துவைத்துப் போக்கினேனே, அதே வாசனை. யாரும் பார்க்கவில்லை. தூணில் கையை வைத்தேன். சூடாக இருந்தாள்.

முனை வரட்டும் என்று காத்திருந்தேன். முனை தாண்டினால் ஜெட்டி வந்துவிடும், எல்லோரும் இறங்குகிற வாசல் பக்கம் போய் நின்றுவிடுவார்கள், முன்பக்கம் ஆள் இருக்காது. அப்போது கட்டிவிட்டு ஓடிவிடலாம். அதுதான் திட்டம். முன்பக்கம் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பழைய நூலை அவிழ்த்தேன். புதுப் புடவையைப் பிரித்தேன். காற்று பிடுங்குகிறது. சங்கு ஊதியது, தலைக்கு மேலேயே. மூன்று. நான் நிமிர்ந்து நம் வீட்டைப் பார்த்தேன். கடலில் இருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை. மேட்டில் தனியாக, சின்னதாக, இருட்டாக நின்றது. ஷெஃபாலி வீட்டில் விளக்கு இருந்தது. நம் வீட்டில் இல்லை.

மறுபடியும் ஊதியது. மூன்று.

சட்டம் ஒரு தரம்தானே, இவர் ஏன் இரண்டாம் தரம் ஊதுகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் தரமும் ஊதினார். படகு மெதுவானது. அப்புறம் அப்படியே நின்று ஆட ஆரம்பித்தது. சனங்கள் எழுந்துவிட்டார்கள். "என்னங்க, பாறையா?" "இஞ்சின் போச்சா? கடைசி நாளும் அதுவுமா!" மேலே இருந்து பெரிய சர்ச் லைட் எரிந்தது. கடல் மேல் ஓடி, மேட்டில் ஏறி, நம் வாசலில் போய் நின்றது. பூட்டைக் காட்டியது. ஜன்னலைக் காட்டியது. மறுபடியும் பூட்டு. கொடியில் அவர் பனியன் இரண்டு, நான் எடுக்க மறந்தது, ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மானம் போச்சு.

யாக்கூப் தடதடவென்று முன்னால் ஓடி வந்தான். "தள்ளுங்க, தள்ளுங்க! சின்னப் படகை இறக்கணும். செராங் வீட்ல ஏதோ ஆயிடுச்சு. பல்பு எரியலை!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன், புடவையும் கையுமாக நிற்கிற என் மேல் முட்டிக்கொண்டான்.

"யா அல்லா! அக்கா! நீங்களா?"

"கத்தாதேப்பா" என்றேன்.

கத்தினான். "செராங்! அக்கா இங்க இருக்காங்க! நம்ம வெசல்ல!"

சர்ச் லைட் திரும்பியது. என் மேல் வந்து விழுந்தது. கண் கூசியது. அத்தனை சனமும் பார்க்கிறது. நான் யாருக்கு முன்னாலும் நின்று பேசாதவள், சிஸ்டர். கல்யாணத்தில் கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவள். சுக்கான் அறைக் கதவு திறந்தது. அவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"வீட்ல விளக்கு எரியலையேடி!"

"நான் இங்க நின்னா அங்க யாரு போடுறது?" என்றேன்.

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உனக்குப் படகு ஒத்துக்காதே. வாந்தி வருதா?" என்றார்.

"வரலை."

"தலை சுத்துதா? யாக்கூப், ஒரு பை குடுடா அவளுக்கு!"

"சுத்தலைங்கறேன்ல!"

அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். "அது அப்ஸராவோடது இல்ல?" என்றார்.

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. "அவளுக்கு வேற எடுத்துக்குங்க. இவளை வெறும் உடம்போட அனுப்ப என்னால முடியாது" என்றேன்.

சுடிதார்ப் பெண் கூட செல்போனைக் கீழே இறக்கிவிட்டாள். அவர் இன்னும் கீழே குனிந்தார்.

"இறுக்கிக் கட்டு. காத்துக்குப் பறந்துடும்" என்றார்.

யாக்கூப் ஓரத்தைப் பிடித்தான். நான் கொசுவம் வைத்தேன். லைட்டை அவர் அணைக்கவே இல்லை, முடிச்சுப் போடுகிற வரைக்கும் என் கை மேலேயே பிடித்திருந்தார். கட்டி முடித்ததும் இஞ்சின் மறுபடியும் முனகியது. புறப்படும்போது ஊதினார். இரண்டு குட்டை, ஒரு நீளம். முனை பின்னால் போய்விட்டது. வளைவும் தாண்டிவிட்டது. அந்த இடத்தில் ஊத வேண்டும் என்று எந்தச் சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. வீடு வரைக்கும் மேட்டில் சேர்ந்துதான் ஏறி வந்தோம். கொடியில் இருந்து பனியனை அவர்தான் எடுத்தார்.

நாலாம் நாள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். பச்சைப் புடவையோடுதான் போனாள். இங்கே நின்று பார்த்தேன், கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பச்சை தெரிந்தது. நல்ல நிறம்தான். ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

நேற்று அப்ஸராவுக்குப் பூஜை. இன்றைக்கு முதல் ஓட்டம். அவளுக்கு என்ன நிறம் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ரோஸ். ஷெஃபாலி சொன்னாள். அப்ஸரா இந்தப் பக்கம் வரப்போவதில்லை, அதோ, தூரத்தில் கோடு மாதிரி தெரிகிறதே, அங்கேயே போய்விடுவாள். பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், ஜன்னலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலை இந்தப் பக்கம் போட்டால் காற்று…

இருங்கள்.

கேட்டதா? அதுதான். அதுதான் அவள். குரலைப் பாருங்கள், ஆட்டுக்குட்டி மாதிரி. இரண்டு. பேசாதீர்கள் சிஸ்டர், இருங்கள். மூன்று. மூன்றாவது நீளம்.

நடுக்கடல். அங்கே வளைவும் இல்லை, பாறையும் இல்லை, எதிரில் ஒரு தோணி கூட இல்லை. புதுப் பட்டன், அழுத்திப் பார்த்திருப்பார். வேறு என்ன.

மறுபடியும் ஊதுகிறார். நகருங்கள், சுவிட்ச் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கறுப்பு. நீங்கள் போடாதீர்கள், நான் போடுகிறேன்.

பக்கத்து அறையைக் காட்டுகிறேன், வாருங்கள். அங்கே ஃபேன் இதைவிட நன்றாகச் சுற்றும்.